ஏறும்போது மட்டும் செத்துப்போகும் ஹாரன்

எங்கள் அம்மாவுக்குக் கேள்வி கேட்கிற வியாதி உண்டு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பதோடு நிற்கமாட்டாள். போன தடவை மஞ்சள் மாத்திரை கொடுத்தீர்களே, இந்தத் தடவை ஏன் வெள்ளை என்றும் கேட்பாள். பஸ் கண்டக்டரைக் கேட்பாள், ரேஷன் கடைக்காரரைக் கேட்பாள். ஒருமுறை என் பள்ளிக்கூடத்துக்கே வந்து கணக்கு டீச்சரைக் கேட்டுவிட்டாள். எனக்கு மானம் போகும். அவள் தொண்டையைச் செருமினாலே சேலையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிடுவேன். அவள் சேலையை என் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு கேட்டு முடிப்பாள்.

அப்பா அதற்கு நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் "சரிண்ணே" என்பார். இளையவர்கள் சொன்னால் "சரிப்பா". இந்த இரண்டு வார்த்தைகளை வைத்தே அவர் பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டார் என்று அம்மா சொல்வாள்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது அப்பாவிடம் ஒரு பழைய டீசல் ஜீப்பு இருந்தது. எங்கள் ஊர் சிலமலையிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை விடிகிற நேரத்தில் ஏற்றிக்கொள்வார். போடியைத் தாண்டி, முந்தலைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டில் இறக்கிவிடுவார். அவர்கள் காய் எடுத்து முடிக்கும்வரை அங்கேயே இருந்து, சாயந்தரம் திரும்பக் கூட்டிவருவார். ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அரசாங்கம் ஒரு கணக்கு வைத்திருந்தது. அந்தப் பெண்கள் வேறொரு கணக்கு வைத்திருந்தார்கள். அப்பா இரண்டு பேருக்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்த வருஷம் அவருக்கு வயிற்றில் புண் வந்தது. மலைமேல் டீக்கடையில் கண்ட நேரத்துக்குக் கண்டதைத் தின்பதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து அம்மா கம்பங்கஞ்சி கரைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குவாளியில் கொடுத்துவிட ஆரம்பித்தாள். பெரிய வாளி என்றால் சும்மா பெரிய வாளி இல்லை. அதில் மூன்று பேர் வயிறாரக் குடிக்கலாம். புண் ஆற வேண்டும் என்றால் வயிறு காலியாக இருக்கக் கூடாது என்பது அவள் கட்சி. அப்பா அதற்கும் சரி என்றார்.

கஞ்சி ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் ஜீப்புக்கும் ஏதோ வந்தது. மலையேறும்போது ஏதாவது ஒரு வளைவில் ஹாரன், முன்விளக்கு, மழைத் துடைப்பான் மூன்றும் ஒரே நொடியில் செத்துப்போகும். டீசல் வண்டியாகையால் இஞ்சின் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எஸ்டேட்டில் போய் நின்று, கஞ்சி குடித்து, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் நல்ல பிள்ளையாக வேலை செய்யும். சாயந்தரம் இறங்கும்போது ஒரு தொந்தரவும் இருக்காது. அப்பா நாலைந்து நாள் இதை யாரிடமும் சொல்லாமல் சமாளித்தார்.

ஆறாவது நாள் சமாளிக்க முடியவில்லை. பனிமூட்டம் பத்தடிக்கு அப்பால் எதையும் காட்டாமல் மூடியிருந்தது. மேலேயிருந்து ஒரு பஸ்சு வளைவில் இறங்குகிறது. அப்பா ஹாரனை அமுக்குகிறார், சத்தம் இல்லை. விளக்கும் இல்லை. பஸ்சுக்காரருக்கு அங்கே ஒரு ஜீப்பு இருப்பதே தெரியாது. அப்பா பாறைப் பக்கமாக ஒடித்து நிறுத்த, பஸ்சு உரசாமல் போனது. ஜீப்பில் இருந்த பெண்களில் இரண்டு பேர் அங்கேயே இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தே போனார்களாம். அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்த அப்பா காப்பியைக்கூடத் தொடாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். காய்ச்சல் என்று நினைத்தேன்.

போடியில் அப்பா எப்போதும் வண்டியை விடுகிற ஒர்க்‌ஷாப் ஒன்று இருந்தது. அதன் மெக்கானிக்கை அப்பா அண்ணே என்பார். நல்ல மனுசர். ஏமாற்றுகிறவர் இல்லை. ஆனால் ஜீப்பு வயரிங்கில் தனக்குத் தெரியாதது ஒன்று இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. வண்டியை இரண்டு நாள் வைத்திருந்தார். ஹாரன் அடித்துப் பார்த்தார், அடித்தது. விளக்குப் போட்டுப் பார்த்தார், எரிந்தது. முந்தல்வரை ஓட்டிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. கோளாறு கண்ணில் படவில்லை என்றால் கோளாறு பெரியது என்பது அவர் முடிவு. உள்ளே வயர் பூராவும் வெந்துபோய்விட்டது, சூடேறினால் விட்டுப்போகிறது, முழுவதையும் பிடுங்கிப் புதிதாக இழுத்தாலும் இந்த வயசான வண்டிக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது, ஆள் ஏற்றி மலைக்குப் போவது பாவம், வந்த விலைக்குத் தள்ளிவிடு என்று சொல்லிவிட்டார். அப்பா "சரிண்ணே" என்றார்.

இங்கே என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுடைய தம்பி. குவைத்தில் ஒரு வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். வெகுநாளாகவே அப்பாவையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மெக்கானிக் சொன்ன தீர்ப்பு தெரிந்ததும் அன்றைக்கே போன் பண்ணினார். போனில் அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"வண்டியக் குடுத்துட்டு வாண்ணே. இங்க ரோடு கண்ணாடி கணக்கா இருக்கும். ஒரு வளைவு கெடையாது. அந்த மலையில உசுரப் பணயம் வச்சுக்கிட்டு எதுக்குக் கெடக்குற?"

"சரிப்பா" என்றார் அப்பா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் உண்டு. சித்தப்பா மகளிடம் ஒரு ஜோடி ஷூ இருந்தது. காலை ஊன்றினால் குதிகாலில் சிவப்பு விளக்கு எரியும். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் நடக்கவே மாட்டாள், குதித்துக்கொண்டே இருப்பாள். நான் அந்த ஷூவைப் பார்க்காதது போல் பார்த்துக்கொண்டிருப்பேன். குவைத்துக்குப் போகிற அப்பாக்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் வாங்குவார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அளவுக்கு வேண்டும் என்று என் பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்துகூட வைத்துவிட்டேன். வளருகிற கால் என்பதால் சுற்றிலும் கொஞ்சம் தள்ளியே வரைந்தேன்.

அந்தச் சித்தப்பா மகளைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அவளுக்கு மூன்று வயதானபோது சித்தப்பா முதல்முறையாக லீவில் வந்தார். வந்தவர் தூக்கப் போனால் பிள்ளை சித்தியின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இரண்டு நாள் கழித்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இந்த மாமா எப்பம்மா ஊருக்குப் போவாரு?" என்று கேட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொல்லிச் சிரித்தேன். சித்தப்பாவும் சிரித்தார். சித்தி மட்டும் ரசம் எடுத்து வரப் போனவள் வெகுநேரம் வரவில்லை. அம்மாவும் அவள் பின்னால் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சித்தப்பாவின் போன் வந்த ராத்திரி அம்மா ஒன்றும் பேசவில்லை. கேள்வி கேட்கிறவள் கேட்காமல் இருந்தால் அதுதான் பயம். மறுநாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னை இழுத்துக்கொண்டு போடிக்குப் பஸ்சு ஏறினாள். நேரே ஒர்க்‌ஷாப்.

ஒர்க்‌ஷாப்புக்குப் பொம்பளைகள் வரும் வழக்கம் அப்போது இல்லை. டயரும் எண்ணெயுமாகக் கிடந்த இடத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா நடந்தாள். எங்கள் ஜீப்பு ஓரமாக நின்றது. பார்க்க எனக்கு ஒன்றும் வியாதிக்கார வண்டியாகத் தெரியவில்லை.

"வா தங்கச்சி. சொல்லியனுப்புனா நானே வந்திருப்பேன்ல" என்றார் மெக்கானிக்.

"இல்லண்ணே, ஒரு சந்தேகம். அவுக கேட்க மாட்டாக. ஏறும்போது மட்டும் ஏன் போகுது?"

"சூடுத்தா. இஞ்சின் சூடேறவும் வெந்த வயரு விட்டுப்போகுது."

"எறங்கும்போதும் சூடாத்தான இருக்கும்?"

"ஏறும்போது லோடு இருக்கு. வண்டி தெணறுது."

"ஏறுன பிள்ளைகதான எறங்குது? மலையிலயா விட்டுட்டு வர்றாக?"

நான் சேலையை இழுத்தேன். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"காலையில பனி. ஈரம் எறங்கும்."

"ஒரு நாள் வெயில் வந்த பெறகு லேட்டாப் போனாகளே, அன்னைக்கும் போச்சுண்ணே."

மெக்கானிக்கின் முகம் கறுத்துவிட்டது. முப்பது வருசமாக இந்தச் சோலியைப் பார்க்கிறேன், வண்டியைத் தொடாதவள் வந்து எனக்கு வயரிங் சொல்லிக்கொடுக்கிறாயா என்று கேட்டார். எனக்கு அவர்மேல் அளவு கடந்த மதிப்பு உண்டானது. அந்த வயசில் நான் பார்த்த பெரியவர்களிலேயே அறிவாளி அவர்தான் என்று நினைத்தேன். அவர் சொன்னது சரியாக இருந்தால்தான் எனக்கு ஷூ.

அம்மா கோபப்படவில்லை. குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். "உங்களக் கொறை சொல்ல வரலண்ணே. நீங்க பாத்ததெல்லாம் ஆளில்லாத வண்டி. நாளைக்குக் காலையில அது தினமும் எப்படிப் போகுமோ அப்படியே போவோம். அதே நேரம், அதே ஆளுக. நீங்களும் வாங்க. உங்க கண்ணு முன்னால போச்சுன்னா நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். வண்டிய வித்துருவோம்."

அவர் மறுக்க முடியாமல் சரி என்றார். அம்மாவிடம் சரி என்று சொன்னவர்களில் அவரும் சேர்ந்தார்.

சனிக்கிழமை. என்னைத் தனியே விட முடியாது என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். தோட்டத்துப் பெண்கள் வருவதற்கே தயங்கினார்கள். அம்மா அவர்கள் வீட்டு வாசல் வாசலாகப் போய், நானும் என் மகளும் வருகிறோம், செத்தால் சேர்ந்து சாவோம் என்று மங்களகரமாக அழைத்துவந்தாள். முன்னால் அப்பா, அவருக்குப் பக்கத்தில் மெக்கானிக். அவர்களுக்கு நேர் பின்னால் அம்மாவும் நானும். எல்லாம் தினமும் போலவே இருக்க வேண்டும் என்று அம்மா சொன்னது வெறும் வாய்ச்சொல் இல்லை. கஞ்சி வாளியும் வந்தது. வளைவுகளில் கஞ்சி சிந்துகிறது என்று அப்பா ஒரு கம்பியைக் கொக்கியாக வளைத்து வைத்திருந்தார். அதை டேஷ்போர்டுக்கு அடியில், கட்டைவிரல் தடிமனில் டேப் சுற்றி ஓடிய வயர்க் கற்றையில் மாட்டி, அதில் வாளியைத் தொங்கவிடுவார். எங்கள் பக்கத்து ஜீப்புக்காரர்கள் எல்லோருமே அந்தக் கற்றையில்தான் எதையாவது மாட்டியிருப்பார்கள். துண்டு, பை, கோயில் பூ, தக்காளிப் பொட்டலம். அது வயர் என்பதையே பலர் மறந்திருப்பார்கள்.

முந்தலைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் அப்பா ஹாரன் அடித்தார். ஒவ்வொரு முறையும் அது அடித்தது. நல்லபடியாகப் போய்விடுமோ என்று எனக்குப் பயம். கண்ணை மூடி எங்கள் ஊர் அம்மனை வேண்டிக்கொண்டேன், அடுத்த வளைவிலாவது ஹாரன் செத்துப்போக வேண்டும் என்று. ஜீப்பு நிறையப் பெண்கள் அதற்கு நேர்மாறாக அதே அம்மனைத்தான் வேண்டிக்கொண்டிருப்பார்கள். அவள் பாடு திண்டாட்டம்தான்.

ஆறோ ஏழோ வளைவுகள் போயிருக்கும். பனி இறங்கியது. அப்பா ஒடித்துத் திருப்பினார். விளக்கு அணைந்தது. ஹாரனை அமுக்கினார், சத்தமே இல்லை.

"போச்சு! போச்சு!" என்று நான் கைதட்டிவிட்டேன். பின்னாலிருந்து யாரோ தலையில் ஒரு குட்டு வைத்தார்கள்.

அப்பா வண்டியைப் பாறை ஓரமாக நிறுத்தினார். ஒரு கை ஹாரன் பட்டனை அமுக்கியபடியே இருந்தது. மெக்கானிக் திரும்பி அம்மாவைப் பார்த்தார். "பாத்தியாத்தா? நான் சொன்னேன்ல?" என்றார். குரலில் கோபம் போய் இரக்கம் வந்திருந்தது. அம்மா என்னை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. சொன்ன சொல்லை அவளால் மீற முடியாது. வண்டியை விற்றுவிட வேண்டியதுதான். எனக்கு என் காலடியில் சிவப்பு விளக்கு எரிகிற மாதிரியே இருந்தது.

எதற்கும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று மெக்கானிக் டார்ச்சை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்தார். வண்டி சாய்ந்து நின்றதால் வாளியும் சாய்ந்திருந்தது. அவருடைய வழுக்கைத் தலை வாளியில் முட்டியது. மூடி நகர்ந்து, அந்தக் குளிரில் ஜில்லென்ற கம்பங்கஞ்சி அவர் பிடரியில் ஊற்றியது. "ஆத்தாடி! இந்தச் சனியன எடுங்க வெரசா!" என்று கத்தினார். அம்மா பின்னாலிருந்து எட்டி வாளியைத் தூக்கினாள்.

மலையே அதிரும்படி ஹாரன் அலறியது. விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அப்பா பயந்து கையை எடுத்துவிட்டார். மெக்கானிக் பிடரியில் வெங்காயத்தோடு மெதுவாக நிமிர்ந்தார்.

"திரும்ப அமுக்குங்க" என்றாள் அம்மா. ஹாரன் அடித்தது. வாளியைக் கொக்கியில் மாட்டி, வளைவில் ஆடுவதுபோல் கையால் ஒரு தள்ளு தள்ளினாள். விளக்கு அணைந்தது. "அமுக்குங்க." சத்தம் இல்லை. தூக்கினாள். அலறியது. மாட்டினாள். செத்தது. மூன்றாவது முறை அவள் தூக்கியபோது பின்னாலிருந்த பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள்.

மெக்கானிக் டேப்பைப் பிரித்தார். எல்லாவற்றுக்கும் கரண்டு கொண்டுபோகிற வயரில் எப்போதோ யாரோ ஒட்டுப்போட்ட இடம் ஒன்று இருந்தது. வாளி தொங்கி ஆடினால் அது பிரியும், வாளியை எடுத்தால் ஒட்டிக்கொள்ளும். சாயந்தரம் வாளி காலி. பெண்களின் பைகளோடு பின்னால் கிடக்கும். வெந்தும் போகவில்லை, தீய்ந்தும் போகவில்லை. பத்து நிமிசத்தில் முறுக்கிச் சுற்றி முடித்துவிட்டார். வயரிங்கை முடித்ததும் முதல் வேலையாக, வாளிக்கென்று தனியாக ஒரு கொக்கியை இரும்புச் சட்டத்தில் கட்டினார்.

"இத்தன நாளும் வயித்தக் காப்பாத்துறேன்னு வண்டியக் கொன்னுருக்கியே தங்கச்சி" என்றார் மெக்கானிக். ஜீப்பே சிரித்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எஸ்டேட்டில் இறங்கியதும் வாளியில் மிச்சமிருந்த கஞ்சியில் பாதியை அவரே குடித்தார். குடித்துவிட்டு, நான்தான் கேட்காமல் விட்டுவிட்டேன் என்று அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னார். பெரிய மனசு வேண்டும் அதைச் சொல்ல. எனக்கு மட்டும் அவர்மேல் இருந்த மதிப்பு முழுசும் போய்விட்டது.

சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் அப்பா சித்தப்பாவுக்குப் போன் போட்டார். "வண்டி நல்லாருக்குப்பா. நான் வரல" என்றார். அந்தப் பக்கம் சித்தப்பா ஏதோ வெகுநேரம் சொன்னார். அப்பா திரும்பவும், "இல்லப்பா. நான் வரல" என்றார். அப்பா ஒருவரிடம் மாட்டேன் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். பாதம் வரைந்த தாளைக் கசக்கி அடுப்படியில் எறிந்துவிட்டு, எல்லாம் உன்னால்தான், உன்னை யார் கேட்கச் சொன்னது என்று அம்மாவைத் திட்டத் தேடிக்கொண்டு போனேன்.

அம்மா வீட்டுக்குப் பின்னால், அப்பா போனில் பேசியது கேட்கிற தூரத்தில், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பாவம், அத்தனை பெண்களுக்கு முன்னால், தன் வாளியால்தான் எல்லாம் என்று ஆகிவிட்டதே, எவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் நின்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"விடும்மா. அழாத. மெக்கானிக்கு யார்ட்டயும் சொல்ல மாட்டாரு."

அவள் ஈரக் கண்ணோடு என்னைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டாள். மூச்சு முட்டும்படி என்னைக் கட்டிக்கொண்டு, "ஆமா ஆத்தா, சொல்ல மாட்டாரு" என்றாள்.

அவமானப்பட்டு அழுத அம்மாவைத் தேற்றிவிட்ட பெருமையோடு நான் விளையாடப் போய்விட்டேன்.